மழையை நம்பிக் கேரளத்துக்குக் குடிபெயர்வோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் கேரளத்துத் தோட்ட வீடுகளும் மலையடிவார மனைகளும் விற்பனைக்கு வருவதை அண்மைக்காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வற்றாத கிணறு, வீட்டை ஒட்டி ஓடை, தமிழ் பேசும் அக்கம்பக்கம், கோவையிலிருந்து எளிதில் வந்துபோகும் தூரம் ஆகிய நான்கும் ஏறக்குறைய எல்லா விளம்பரங்களிலும் இடம்பெறுகின்றன. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளி ஆசிரியையாக ஓய்வுபெற்ற பிறகு கணவரோடு பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு வட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில் குடியேறி வாழ்பவள் நான். அந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டு உறவினர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, இதைப் பொதுவாகவே எழுதிவிட்டால் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தண்ணீருக்காக ஊர் மாற நினைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதைப் பார்த்த தலைமுறை இது. குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கி, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, லாரி வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்த குடும்பங்களுக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் மாநிலம் பக்கத்திலேயே இருக்கிறது என்ற எண்ணம் எவ்வளவு ஆறுதலானது என்பதை நான் அறிவேன். தமிழ்நாட்டின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் மாநிலத்தின் சராசரியை வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஊராட்சியில், ஒரு குறிப்பிட்ட வார்டில், ஒரு குறிப்பிட்ட சரிவிலோ சமதரையிலோதான் கட்டுகிறோம். அந்த இடம் மழைக்காலத்தில் எப்படி இருக்கிறது, மழை நின்ற பிறகு எப்படி இருக்கிறது, அங்குள்ள மக்கள் அந்த இரண்டு காலத்தையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் மழையையே எடுத்துக்கொள்வோம். கேரளம் முழுவதும் ஒரே சீராக மழை பெய்கிறது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். அட்டப்பாடியின் மேற்கு ஓரத்தில், சைலன்ட் வேலியை ஒட்டிய முக்காலிப் பகுதியில் மழை கொட்டித் தீர்க்கிறது; அதே அட்டப்பாடியில் கிழக்கே ஆனைகட்டியை நோக்கிப் போகப் போக, சில மலைமுகடுகளைக் கடந்ததும் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கி, முள்மரங்களும் வெடித்த மண்ணும் தென்படுகின்றன. இடுக்கி மாவட்டத்தில் மூணாறு நனைந்து கிடக்கும் நாளில், அங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மறையூரில் கரும்புத் தோட்டத்தின் மேல் வெயில் காயும். வயநாட்டில் மழை கொட்டும் லக்கிடியைப் பார்த்துவிட்டு மாவட்டமே அப்படித்தான் என்று எண்ணுபவர்கள், கர்நாடக எல்லையை ஒட்டிய புல்பள்ளி, முள்ளங்கொல்லிப் பக்கத்து விவசாயிகளிடம் வறட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழர்கள் அதிகம் நாடும் சித்தூர் வட்டத்தின் நிலை இவற்றைவிடவும் கவனிக்கத்தக்கது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, பெருமாட்டி ஆகிய ஊராட்சிகள் கேரளத்தில் இருந்தாலும், மழையைப் பொறுத்தவரை அவை பொள்ளாச்சிக்குத்தான் நெருக்கமான உறவு. அங்குள்ள வயல்கள் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு தரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரை எதிர்பார்த்து இருப்பவை. ஒவ்வொரு கோடையிலும் ஆழியாற்றிலிருந்து தண்ணீர் வருமா, எப்போது வரும் என்பதே அங்கே பேச்சு. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய கொக்கோ கோலா ஆலை, கிணறுகள் வற்றியும் தண்ணீர் கெட்டும் போனதாக எழுந்த மக்கள் போராட்டத்தால் 2004-இல் மூடப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. மயிலம்மாவும் அவரைப் போன்ற பழங்குடிப் பெண்களும் வெயிலில் உட்கார்ந்து போராடியது நிலத்தடி நீருக்காக. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து தமிழ்நாட்டை விட்டுக் கிளம்புகிறவர் அங்கே போய், தமிழ்நாடு திறந்துவிடும் தண்ணீருக்காகக் காத்திருப்பதில் பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயதான காலத்தில் தாய்மொழி பேசும் ஊரில் இருக்க விரும்புவது இயல்பு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் கேரளத்தில் தமிழ் அதிகம் பேசப்படும் கிராமப்புறங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, நான் மேலே சொன்ன சித்தூர்ப் பக்கத்து மழை மறைவுப் பகுதி. மற்றொன்று, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் செங்குத்தான தோட்ட மலைகள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகளின் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்களின் வழிவந்த தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால், நடந்தது வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்தத் தொழிலாளர்களுக்குத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிற நமக்கு அந்த உரிமை இருக்கிறது. ஓய்வுப் பணத்தில் பாதியைச் செலவிடும்போது அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டாமா? மலையாளம் கற்றுக்கொள்வது தமிழருக்கு அவ்வளவு கடினமில்லை. பேருந்துப் பலகையையும் மின்கட்டண ரசீதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினால் சில மாதங்களில் பழகிவிடும். மழை மறைவிலும் மலைச் சரிவிலும் இருந்து விலகிய ஒரு நல்ல ஊர், மொழி சற்று வேறாக இருந்தாலும், மேலானது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கிணறு. இந்தியாவிலேயே வீட்டுக் கிணறுகள் மிக நெருக்கமாக இருக்கும் மாநிலம் கேரளம். கிராமத்தில் ஏறக்குறைய வீட்டுக்கொரு கிணறு உண்டு. தை மாதத்தில் இடம் பார்க்கப் போகிறவருக்குக் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் மின்னிக்கொண்டிருக்கும். விற்பவரும் ஒரு வாளி இறைத்து, குடித்துப் பாருங்கள் என்று தருவார். அதே கிணற்றைச் சித்திரை மாதக் கடைசியில் எட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதிக் கிணறுகள் செம்புரைக் கல்லில் வெட்டியவை. சுவரில் பச்சைப் பாசி எந்த உயரம் வரை அடர்த்தியாகப் படர்ந்திருக்கிறது, அதற்குக் கீழே கல் வெளிறித் தெரியும் பகுதி எவ்வளவு ஆழம், அடியில் தேங்கியிருப்பது ஊற்றுநீரா கலங்கிய மிச்சமா என்பதை நின்று நிதானமாகப் பார்த்தால், ஓராண்டு நீர்வரலாறு முழுவதும் அந்தச் சுவரிலேயே இருக்கும். கயிற்றின் நீளத்தையும் பாருங்கள். புதிதாக முடிச்சுப் போட்டு நீட்டிய கயிறு இருந்தால், போன கோடையில் தண்ணீர் எங்கே போயிருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சித்திரையில் யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். கடைசி வரை வற்றாத கிணறு ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். அது யாருடையது என்பது ஊரிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

இவ்வளவு மழை பெய்தும் கிணறு ஏன் வற்றுகிறது என்று பலர் வியக்கிறார்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகலாகக் கிடக்கும் நாடு இது. 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. அவை நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. பெய்த மழை வெகுவிரைவில் கடலுக்குப் போய்விடுகிறது. செம்புரை மண் தண்ணீரை உடனே உறிஞ்சினாலும் நெடுநாள் பிடித்து வைப்பதில்லை. தண்ணீரைத் தேக்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தவை நெல்வயல்கள். 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் விளைந்த நெல் இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல் மேடாக்கப்பட்ட ஊரில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும், கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்காது. ஆகவே, வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைவிட, வீட்டுக்குக் கீழே உள்ள தாழ்வான பகுதியில் இன்னும் நெல் விளைகிறதா என்று பார்ப்பது முக்கியம். பயிர் செய்யும் வயல் கீழே இருக்கும் ஊரில், மேட்டிலுள்ள கிணறுகள் கூடுதலாகச் சில வாரங்களாவது தாங்குகின்றன. திரிசூர் மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிய ‘மழப்பொலிம’ திட்டத்தைப் போல, கூரையில் விழும் மழைநீரை மணலும் கரியும் கொண்ட தொட்டியில் வடிகட்டித் திறந்த கிணற்றிலேயே இறக்கும் ஏற்பாட்டைச் செய்துள்ள வீடுகள் ஒரு தெருவில் பல இருந்தால், அந்த ஊர் தன் தண்ணீரைப் பற்றி யோசிக்கும் ஊர் என்று நம்பிக்கை கொள்ளலாம்.

சரிவைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை; நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் அந்தத் துயரங்கள் நினைவில் இருக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் வயநாட்டின் புத்துமலையிலும் மலப்புறத்தின் கவளப்பாறையிலும் மலை சரிந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் மேப்பாடி ஊராட்சியின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புத்துமலையும் அதே மேப்பாடி ஊராட்சிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை சரிந்த மலைத்தொடரின் அடுத்த மடிப்பில் மலிவாக இடம் கிடைக்கிறது என்றால், அந்த மலிவுக்கு ஒரு காரணம் இருக்கும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிலச்சரிவு அபாயப் பகுதிகளை வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அதில் தாங்கள் வாங்கும் இடம் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்துவிடுவது குறைந்தபட்சக் கடமை. வரைபடத்தோடு நின்றுவிடாமல் இடத்தையும் நடந்து பார்க்க வேண்டும். மேலே சரிவை வெட்டிச் சாலையோ ரிசார்ட்டோ கட்டியிருக்கிறார்களா, கல்குவாரி இருக்கிறதா, பழைய ஓடை எங்கே திருப்பிவிடப்பட்டிருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் எழுப்பிய தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்பனவற்றை எல்லாம் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பக்கத்து ஓடை இப்போது முழங்கால் அளவு ஓடினாலும், அதன் படுகையில் கிடக்கும் பாறைகள் ஆளுயரம் இருந்தால், அவற்றை உருட்டிக்கொண்டு வந்தது அந்த ஓடைதான். விளம்பரத்தில் ஓடை ஓர் அழகு. ஆடி மாதத்தில் அது வேறு.

மழையைத் தாங்களே அளக்கும் ஊர்களும் கேரளத்தில் இருக்கின்றன. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சிலாற்றின் மேற்பகுதியில் பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் மழைமானி வைத்து நாள்தோறும் அளந்து, மலையில் எவ்வளவு பெய்தது என்பதைக் கீழே உள்ளவர்களுக்கு அனுப்புகிறார்கள். வயநாட்டிலும் இப்படி ஊர்தோறும் மழை அளக்கும் அமைப்பு இருக்கிறது. என் அனுபவத்தில், ஓர் ஊரைப் பற்றி அறிய இதைவிடச் சிறந்த கேள்வி கிடையாது: மலையில் மழை வலுத்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? இதற்கு உடனே ஒரு பெயர் பதிலாக வருமானால், வார்டு உறுப்பினரோ, ஆஷா பணியாளரோ, தேநீர்க் கடைக்காரரோ யாராக இருந்தாலும் சரி, அந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கலாம். 2018 வெள்ளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்கினார்கள். அப்போது இந்த ஊர் மக்கள் எந்தப் பள்ளியில் தங்கினார்கள், தண்ணீர் எதுவரை வந்தது, எந்தச் சாலை முதலில் மூழ்கியது என்பதையும் கேளுங்கள். மூத்தவர்களாக இருந்தால், கொல்லம் ஆண்டு 1099 என்று கேரளத்தார் இன்றும் நினைவுகூரும் 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொன்னதையும் சொல்வார்கள். இரண்டிலும் நனையாத மேடு எது என்று ஊருக்குத் தெரியும். தரகருக்கும் தெரியும், ஆனால் கேட்டால்தான் சொல்வார்.

ஆகவே, எந்த இடத்தையும் ஆடியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் பார்க்காமல் வாங்காதீர்கள். சுற்றுலாவுக்கு ஏற்ற மார்கழி, தை மாதங்களில் கேரளக் கிராமம் எல்லாமே சொர்க்கம்தான். ஆடியில் போனால் வீட்டின் உண்மை தெரியும். பீரோவை நகர்த்தச் சொல்லி அதன் பின்னாலுள்ள சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த சுவரிலும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறிப் பூஞ்சணம் பூத்திருக்கும். கான்கிரீட் கூரைக்கு மேல் இரும்புச் சட்டமும் ஷீட்டும் போட்டு இன்னொரு கூரை அமைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பாணியில் மொட்டைமாடியோடு விட்டிருந்தால், முதல் வேலையாக அந்தச் செலவு உங்களை வந்து சேரும். துணி காய இடம் வேண்டும், விறகோ கேஸோ நனையாமல் வைக்க இடம் வேண்டும், அரிசிப் பானைக்குக்கூட உலர்ந்த மூலை வேண்டும். ரப்பர் மரமும் தேக்கும் மின்கம்பியின் மேல் சாய்ந்து, ஒரு நாள் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போவது மழைக்காலத்தில் சகஜம். லைன்மேன் வந்து சேரும் சாலை எது, மோட்டார் ஓடாதபோது கிணற்றில் கப்பி இருக்கிறதா என்பவை அப்போதுதான் முக்கியமாகத் தெரியும். மழை நாட்களில் எலிக்காய்ச்சல் வரும். வயல் வரப்பிலும் தேங்கிய நீரிலும் இறங்குகிறவர்கள் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை அவர்கள் சொல்லும் முறைப்படி சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருக்கக் கூடாது.

இனி மனிதர்களைப் பற்றி. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கேரளத்தில் 941 மட்டுமே. எனவே இங்கு ஒரு பஞ்சாயத்து என்பது நம்மூர்ப் பேரூராட்சி அளவுக்குப் பெரியது. நாம் ஊர் என்று நினைப்பது இங்கே ஒரு வார்டுதான். கிராம சபை கூடுவதும் வார்டு அளவிலேயே. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பிறகு பஞ்சாயத்துகளுக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்திருப்பதால், உங்கள் வீட்டுக்கு வரும் சிறு சாலையோ குடிநீர்க் குழாயோ இந்த வார்டு சபையில்தான் முடிவாகும். அது எப்படி நடக்கிறது, எத்தனை பேர் வருகிறார்கள், பெண்கள் பேசுகிறார்களா என்று குடியேறுவதற்கு முன்பே விசாரித்துவிடலாம். நான் பெரிதும் நம்புவது, கேரள அரசின் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தை, அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழுவை. 1998-இல் தொடங்கிய இந்த அமைப்பில் வீட்டுக்கு ஒரு பெண் சேரலாம். என்னைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்துதான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன் என்று சொல்வேன். வாரச் சேமிப்புப் பணம் சிறியதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போதுதான் எந்தக் கிணறு கலங்கியிருக்கிறது, யாருக்குக் காய்ச்சல், எந்தத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கியது, எந்தப் பாலம் வலுவிழந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். குப்பையைப் பிரித்து வாங்கிப்போக ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வருகிறார்கள். அவர்கள் தவறாமல் வருகிற வார்டில் ஓடை சுத்தமாக இருக்கும்.

முதியவர்களுக்கு இன்னொன்று. 2008-இல் கேரள அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்த பிறகு, பஞ்சாயத்துகள் வழியாகச் செவிலியர்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். எந்த ஊரில் அந்த வண்டி ஒழுங்காக வருகிறது என்பதை, அப்படி ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாம்புக் கடிக்கு மருந்துள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் அங்கே போகும் சாலையில் மூழ்கும் பாலம் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது.

பத்திரங்களைப் பொறுத்தவரை நல்ல வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் வழக்கறிஞரிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். மூலப் பத்திரமும் முந்தைய பத்திரங்களும், வில்லங்கச் சான்றும், வில்லேஜ் ஆபீசில் வரி கட்டிய ரசீதும், கைவசச் சான்றும் பார்ப்பது வழக்கமானதுதான். அதோடு, வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடம் புரையிடமாக (வீடு கட்டத்தக்க மேட்டுநிலமாக) இருக்கிறதா, நெல்வயலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே தென்னை வைத்து மேடாகிவிட்ட இடம்கூட, ஆவணத்தில் வயலாகவோ, அந்தச் சட்டப்படி வயல்களையும் ஈரநிலங்களையும் பட்டியலிட்ட தரவு வங்கியில் பதிவானதாகவோ இருந்தால், வீடு கட்ட அனுமதி கிடைப்பதற்குள் அலுத்துப்போகும். அட்டப்பாடியில் பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கும் 1975, 1999-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே விலை குறைவாகச் சொல்லப்படும் இடத்துக்குப் பின்னால் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் பறிபோன உரிமை இருக்கக்கூடும் என்பதால், சட்டச் சிக்கலை விட்டுவிட்டாலும், மனச்சாட்சிக்காகவாவது விலகி நிற்க வேண்டும். இடுக்கியில் பட்டயம் (அரசு தரும் நிலப் பட்டா) எந்த விதியின் கீழ் வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அங்கே என்ன கட்டலாம் என்பது அமையும். தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்பதிலும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் சிக்கல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் கூருணர்வுப் பகுதிகள் பற்றிய வரைவு அறிவிக்கைகள் மீண்டும் மீண்டும் வெளிவந்துகொண்டிருப்பதால், வாங்கும் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் என்ற முறையில் நமக்கும் கடமைகள் உண்டு என்பதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். இடம் வாங்கியதும் நான்கு பக்கமும் உயரமாக மதில் எழுப்பி, தலைமுறை தலைமுறையாக ஊரார் நடந்த ஒற்றையடிப் பாதையை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திறந்த கிணறுகள் நிறைந்த தெருவில் எடுத்த எடுப்பில் ஆழ்துளைக் கிணறு போட்டு, பக்கத்து வீட்டுக் கிணறுகளைச் சித்திரைக்கு முன்பே வறள வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மழைநீர் ஓடும் சிற்றோடையை மண் போட்டு நிரப்பினால், அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டின் அடுக்களைக்குள் போகும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கிவிட்டு மற்ற நாட்களில் பூட்டி வைக்கும் வீடுகள் பெருகினால், அந்த வார்டில் பள்ளிக்குப் பிள்ளை இருக்காது, அயல்கூட்டத்துக்கு ஆள் இருக்காது, வெள்ளம் வந்தால் கதவைத் தட்டி எழுப்பவும் ஆள் இருக்காது. நாம் எந்தச் சமூகத்தை நம்பி அங்கே போகிறோமோ, அதையே நம் வருகை பலவீனப்படுத்தக் கூடாது. கோவை நகரம் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர் இந்த மாவட்டத்து மலையில் தேங்குவது. நமக்குத் தண்ணீர் தருகிற மண்ணுக்கு இந்த மரியாதையையாவது நாம் காட்ட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேரளத்து மனை, தோட்ட விளம்பரங்களை வெளியிடும்போது, அந்த இடத்தின் பஞ்சாயத்து, வார்டு, வில்லேஜ் ஆகியவற்றின் பெயர்களையும், வருவாய்ப் பதிவேட்டில் அது எந்த வகையில் இருக்கிறது என்பதையும், நிலச்சரிவு அபாய வரைபடத்தில் அது எங்கே வருகிறது என்பதையும் விளம்பரதாரர் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் ஒரு விதியை ஏற்படுத்த முடியுமானால், மற்ற நாளிதழ்களும் பின்பற்றக்கூடும். வற்றாத கிணறு என்று எழுதுகிறவர், கடந்த மே மாதத்தில் அதில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதையும் சேர்த்து எழுதட்டும். பாலக்காடு, இடுக்கி, வயநாடு, கொல்லம் மாவட்டங்களின் எல்லையோர ஊராட்சிகளைத் தங்கள் செய்தியாளர்கள் மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நேரில் பார்த்துத் தொடராக எழுதினாலும், குடிபெயர நினைக்கும் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும். எங்கள் பகுதிக்கு வருவதாக இருந்தால், கிணறுகளைக் காட்டவும் அயல்கூட்டத்துப் பெண்களோடு பேசவும் நான் உடன் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மண்ணார்க்காடு வட்டம், பாலக்காடு மாவட்டம்.